சுற்றிவரப் போனவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும், ஃபிளையிங் கிளப் நடத்துபவர்களுக்கும்,

தரையிறங்கும்போது விமானம் துள்ளியது, மூன்றாவது துள்ளலில்தான் மூக்குச் சக்கரம் ஒடிந்தது. முதல் துள்ளலிலேயே எஞ்சினின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே போயிருந்தால் இந்த மடலே வந்திருக்காது. ஏன் போகவில்லை என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஓட்டியது செஸ்னா 172 என்ற சிறிய விமானம். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை முழுக்க இறக்கியாயிற்று, 65 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வந்திருக்க வேண்டியவன் 78-ல் வந்தேன். பதிமூன்று நாட் வேகம்தானே கூடுதல் என்று தோன்றும், ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் 20% கூடுதல் வேகத்துக்கு 44% கூடுதல் ஆற்றலை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். விமானம் இறங்க மறுத்தது. தரைக்கு அருகே இறக்கைக்கு அடியில் மெத்தை வைத்தது போல மிதந்துகொண்டே போனது, ஓடுபாதை காலடியில் கரைந்துகொண்டே இருந்தது. பொறுமை போய், மூக்கை அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தேன். தொட்டது, துள்ளியது, பயந்து மறுபடி அழுத்தினேன், இன்னும் உயரமாகத் துள்ளியது. அப்புறம் தெரியும். புரொப்பல்லர் தரையை வெட்டுகிற சத்தம், பிறகு எஞ்சின் நின்ற அமைதியில் கருவிப் பலகைக்குள் ஜைரோ சுழன்று சுழன்று அடங்கும் மெல்லிய ரீங்காரம். மாஸ்டர் சுவிட்சை அணைக்கப் போன கை இரண்டு முறை தவறியது. யாருக்கும் அடியில்லை, தீயும் இல்லை. புரொப்பல்லர் நுனி இரண்டும் காய்ந்த இலை மாதிரி சுருண்டிருந்தன.

சரி, ஏன் மேலே போகவில்லை? போன வாரம் ஒருவர் இரண்டு முறை கோ-அரவுண்ட் போனார், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றிவரப் போனார். ஓடுபாதையைப் பார்த்துப் போட்டிருக்கிற பெஞ்சில் அன்று நானும் இருந்தேன். "ஐயாவுக்கு இறங்க மனசில்லை போல" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அந்தச் சிரிப்பு ஓடுபாதையில் என் காதில் கேட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? கேட்டது.

விபத்துக்குப் பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரே வரி: விமானியின் தவறு. பொய்யில்லை, ஓட்டியவன் நான்தான். ஆனால் அந்த வரியைப் படித்து யார் என்ன கற்றுக்கொள்வார்கள்? சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பே விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்கிறது. அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான்.

இன்னொன்று, உங்களிடம் கோபமாகவே கேட்கிறேன். தரையிறங்குவதை எத்தனை முறை செய்யவைத்தீர்கள் என்று எண்ண முடியாது, கோ-அரவுண்டை? இரண்டோ மூன்றோ, அதுவும் முன்னாலேயே சொல்லிவிட்டு, நல்ல உயரத்தில். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், வேகம் செத்த நிலையில் செய்வது வேறு வேலை. இறங்குவதற்காக ட்ரிம் வைத்திருக்கும் (கன்ட்ரோலில் கையின் அழுத்தம் தேவைப்படாதபடி சரிசெய்து வைத்திருக்கும்) விமானத்துக்கு முழு பவர் கொடுத்தால் மூக்கு தானாகவே எழும், கன்ட்ரோலை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்க வேண்டும், இடப்பக்கம் இழுப்பதை வலது காலால் ரடரை (வாலில் உள்ள திசைதிருப்பும் பலகையை) மிதித்து அடக்க வேண்டும், ஃபிளாப்பைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பதற்றத்தில் ஒரேயடியாக ஏற்றினால் விமானம் அப்படியே அமுங்கும். பயிற்சி இல்லாதவனுக்கு இதுவே இன்னொரு விபத்து, அதனால்தான் கை த்ராட்டிலுக்குப் போகத் தயங்குகிறது.

அதனால் சொல்லாமல் கொள்ளாமல், ஃபிளேரில், அதாவது தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கும் நேரத்தில், இருக்கும்போதே "போ" என்று கத்துங்கள். துள்ளிய பிறகும் கத்துங்கள். உங்கள் பழைய துள்ளல் கதைகளை மறைக்காமல் சொல்லுங்கள், உங்களுக்கும் இருக்கும். பெஞ்சில் யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்துங்கள், சிரித்தவன் நானாக இருந்தாலும்.

விமானத்தின் எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள், புரொப்பல்லர் அடிபட்டால் அதைச் செய்தே ஆக வேண்டும். வேறொரு விமானத்தில் மறுபடி தொடங்கப் போகிறேன். முதல் நாள் ஆறு சுற்றிலும் சக்கரம் தரையைத் தொடவே வேண்டாம், ஆறு முறையும் கடைசி நொடியில் மேலே போகலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பெஞ்சில் ஆள் இருந்தால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மூக்குச் சக்கரத்தை ஒடித்தவன்