அவர்களும் கால்சட்டை அணிந்திருந்தார்கள்

வரலாற்றைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'சான் குலோத்' என்ற சொல்லுக்குக் 'கால்சட்டை இல்லாதவர்கள்' என்று ஆசிரியர் பொருள் சொன்னார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். உடுத்தத் துணியில்லாத ஒரு கூட்டம் பாரிஸ் தெருக்களில் திரண்டதாகவே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். உண்மை தெரிந்தபோது, அன்று சிரித்ததற்காக வருத்தப்பட்டேன்.

குலோத் என்பது முழங்காலுக்குச் சற்றுக் கீழே பொத்தானோ கொக்கியோ போட்டு இறுக்கும் குட்டைக் கால்சட்டை. அதற்குக் கீழே பட்டுக் காலுறை, கொக்கி வைத்த காலணி. பிரபுக்களும் வசதி படைத்தவர்களும் உடுத்திய விதம் அது. மரம் இழைப்பவரும் மூட்டை தூக்குபவரும் பட்டுக் காலுறையோடு என்ன வேலை பார்க்க முடியும்? அவர்களுக்கு ஏற்றது கணுக்கால்வரை தொளதொளவென்று வரும் 'பந்தலோன்'. நாம் 'பேண்ட்' என்கிறோமே, அந்தச் சொல்லே இதிலிருந்து வந்ததுதான். அதாவது வகுப்பில் உட்கார்ந்து சிரித்த நாங்களும் அவர்களுடைய உடையைத்தான் போட்டிருந்தோம்.

எல்லா உழைப்பாளிகளும் எப்போதும் நீளக் கால்சட்டையில்தான் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பழைய துணி வியாபாரிகளிடம் வாங்கிய குலோத்தை அணிந்த எளியவர்களும் உண்டு. ஆனால் யார் எந்தத் தரம் என்பதை உடை பார்த்தே சொல்லிவிடும் சமூகம் அது. 1789 மே 5 அன்று வெர்சாயில் மூன்று வகுப்பாரின் (மதகுருமார், பிரபுக்கள், மூன்றாவதாகப் பொதுமக்கள்) பேரவை தொடங்கியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. பிரபுக்களுக்குப் பொன் சரிகையும் இறகு வைத்த தொப்பியும். மூன்றாம் வகுப்பின் பிரதிநிதிகளுக்கு அலங்காரமில்லாத கறுப்பு உடை. அரண்மனை விதித்த ஒழுங்கு அது. அந்தக் கறுப்புக் கூட்டத்துக்குள் பிரான்சின் பிரித்தானிப் பகுதி விவசாயி மிஷேல் ஜெரார் மட்டும் தன் ஊர் உடையிலேயே வந்து நின்றார். பாடநூலில் ஒரே ஒரு மனிதரைக் கூடுதலாகச் சேர்க்க இடம் இருந்தால், இவரைச் சேர்க்கச் சொல்வேன்.

'சான் குலோத்' முதலில் ஏளனமாகச் சொல்லப்பட்ட பெயர். 1792 வாக்கில் அதையே அவர்கள் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். நீளக் கால்சட்டை, 'கார்மன்யோல்' என்ற குட்டை மேலங்கி, சிவப்புத் தொப்பி, நீலம், வெள்ளை, சிவப்பு கொண்ட மூவண்ண நாடாச் சின்னம், மரக்காலணி எல்லாம் சேர்ந்து ஓர் அடையாளம் ஆயின. அந்த ஆண்டு ஜூன் 20 அன்று துய்லரி அரண்மனைக்குள் மக்கள் புகுந்தபோது, மன்னர் பதினாறாம் லூயி அந்தச் சிவப்புத் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இவர்கள் எல்லாரும் பரம ஏழைகளும் அல்லர். கடைக்காரர்கள், பட்டறை வைத்திருந்தவர்கள், கூலிக்காரர்கள் எல்லாம் கலந்திருந்தார்கள். கையால் உழைத்துப் பிழைக்கிறேன் என்பதைத்தான் அந்த உடை ஊருக்குச் சொன்னது. 'இல்லாதவர்கள்' என்று நாம் மொழிபெயர்க்கும்போது இந்தப் பெருமை பறிபோகிறது. வறுமை மட்டும் மிஞ்சுகிறது.

அப்புறம், இன்னொரு பக்கத்தையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். சமத்துவத்தின் அடையாளமே பிறகு கட்டாயமாகவும் மாறியது. 1793 செப்டம்பரில் பெண்களும் மூவண்ண நாடாச் சின்னம் அணிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. சிவப்புத் தொப்பியையும் புரட்சிப் பெண்கள் சங்கத்தினர் தங்கள்மேல் திணிக்கிறார்கள் என்று சந்தைப் பெண்கள் கொதித்தார்கள். தெருவில் அடிதடியே நடந்தது. அக்டோபர் 29 அன்று, யாரையும் குறிப்பிட்ட உடை அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அப்போதைய சட்டமன்றமான தேசிய கன்வென்ஷன் ஆணையிட்டது. ஆனால் அவரவர் பாலுக்குரிய உடைக்குள்தான் அந்தச் சுதந்திரம். நாடாச் சின்னம் பற்றிய சட்டமும் அப்படியே நின்றது. மறுநாளே பெண்களின் அரசியல் சங்கங்கள் தடை செய்யப்பட்டன. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. சான் குலோத்துகள் கொண்டாடிய புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரோ கடைசிவரை பவுடர் பூசிய தலையோடும் குலோத்தோடும்தான் இருந்தார்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். 'கால்சட்டை இல்லாதவர்கள்' என்று இருக்கும் இடத்தில் 'முழங்கால் சட்டை அணியாத, நீளக் கால்சட்டை அணிந்த உழைப்பாளிகள்' என்று எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்திலேயே இரண்டு படங்கள் போடுங்கள்: பட்டுக் காலுறையில் ஒரு பிரபு, மரக்காலணியில் ஒரு தச்சர். எது யாருடைய உடை, ஏன் என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.

அன்புடன்,
தமிழ்வழியில் படித்த ஒரு பழைய மாணவன்