ஏத்துன செல்லு எங்க போச்சுன்னு பாக்க வேணாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நோயாளியோட நோய் எதிர்ப்பு செல்ல வெளிய எடுத்து, புற்றுநோய தாக்குற மாதிரி மாத்தி திருப்பி ஏத்துற கார்-டி செல் சிகிச்சை பத்தி நீங்க போட்ட கட்டுரை நல்லா இருந்துச்சு, ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேந்து உருவாக்குன நெக்ஸ்கார்19ங்கற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபர்ல அனுமதி கெடச்சது வரைக்கும் சொல்லிட்டீங்க. ஆனா ஏத்துன செல்லு ஒடம்புக்குள்ள போய் கட்டிய தொட்டுச்சா, இல்ல நுரையீரல், கல்லீரல், மண்ணீரல்னு அங்கங்க தங்கிருச்சா, அத எப்படி பாக்குறாங்கன்னு ஒரு வரி கூட இல்லையே.

ரத்தப் புற்றுநோய்ல ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் எடுத்துப் பாத்தா ஓரளவு தெரிஞ்சிரும். மூளைக்கட்டிக்கு அது பத்தாது. பயாப்சின்னு சதைய கொஞ்சம் எடுத்துப் பாத்தா ஊசி குத்துன எடத்த மட்டும்தான் சொல்லும், கதிரியக்க சர்க்கரைய ஏத்தி வழக்கமா எடுக்குற பெட் ஸ்கேன்ல கட்டியும் அந்த சர்க்கரைய இழுத்து மின்னும், செல்லு சண்ட போடுறதால வர்ற அழற்சியும் அதே மாதிரி மின்னும், பாக்குற டாக்டர் எதுன்னு சொல்லுவாரு?

நெதர்லாந்து நைமேகன்ல இருந்து 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு. மெலனோமாங்கற தோல் புற்றுநோய் இருந்த 8 பேருக்கு, டென்ட்ரிடிக் செல்லுங்கற நோய் எதிர்ப்பு செல்லுல, எம்ஆர்ஐல தெரியுற இரும்பு ஆக்சைடு துகள ஏத்தி, அல்ட்ராசவுண்ட் பாத்துக்கிட்டே நெறிகட்டுற நிணநீர் முடிச்சுல ஊசி போட்டாங்க. அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தா பாதிப் பேருக்கு செல்லு முடிச்சுக்குள்ளயே போகல! எம்ஆர்ஐ இல்லன்னா இந்த மருந்து வேல செய்யலன்னு எழுதி மூடியிருப்பாங்க, எனக்கு அத படிச்சப்ப மனசே ஆறல.

இண்டியம்-111, சிர்கோனியம்-89 மாதிரி கதிரியக்க அடையாளமும் ஏத்தலாம், ஆனா ரெண்டோட அரைவாழ்வும், அதாவது கதிரியக்கம் பாதியா கொறையுற காலம், சுமார் 3 நாள்தான், செல்லு பெருகப் பெருக அடையாளம் நீர்த்துப் போகும், செல்லு செத்தாலும் அடையாளம் அங்கேயே கெடந்து ஏமாத்தும். அதுக்குத்தான் ரிப்போர்ட்டர் ஜீன். செல்லுக்குள்ளயே ஒரு ஜீன வச்சுட்டா, அதத் தேடிப் புடிக்கிற மருந்த ஏத்தி ஸ்கேன் எடுக்குறப்பல்லாம் உயிரோட இருக்குற செல்லு மட்டும் தெரியும், அதோட வாரிசுங்களும் தெரியும். அமெரிக்காவுல சிட்டி ஆஃப் ஹோப் புற்றுநோய் மருத்துவமனையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் மூளைக்கட்டி நோயாளிங்ககிட்ட ஹெர்பிஸ் வைரஸ் ஜீன வச்சு இத செஞ்சு 2017ல வெளியிட்டாங்க. வைரஸ் ஜீன்ங்கறதால ஒடம்பே அந்த செல்லுங்கள எதிரியா நெனச்சு அழிக்கலாம், அந்த சிக்கல் இருக்கு.

செலவு, கதிர்வீச்சு எல்லாம் இருக்குதான், மறுக்கல. ஆனா நம்ம நாட்டுல கட்டிப் புற்றுநோய்க்கு செல் சிகிச்சை சோதனை நடத்துறவங்க கொஞ்சம் பேருக்காவது இப்படி ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். அவங்கள அடுத்த தடவ பேட்டி எடுக்கும்போது இந்தக் கேள்விய கண்டிப்பா கேளுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்