பென்சிலோடு வந்த பெரியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நேற்று இரவு கடைசி கேசட்டும் கணினியில் ஏறிவிட்டது. இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். அந்தப் பத்து நாள் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் மவுன்ட் ஏரி (Mount Airy) என்ற ஊரின் டபிள்யூபிஏக்யூ (WPAQ) வானொலியின் வரலாற்றை எழுத மூன்று வருடம் சேர்த்த பதிவுகள், குறிப்புகள் எல்லாம் போயிற்றே என்று நான் இடிந்து உட்கார்ந்தபோது, "விடு, மறுபடி சேர்த்துக்கலாம்" என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல் சேர்த்தும் கொடுத்தீர்கள்.

ஆனால் முதலில் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மவுன்ட் ஏரி பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு மணி நேரம் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பழைய செருப்புப் பெட்டி. டபிள்யூபிஏக்யூ வானொலியின் சனிக்கிழமை நேரலை இசை நிகழ்ச்சியான 'மெர்ரி கோ ரவுண்ட்'டை அவர் மனைவி சமையலறையில் வைத்துப் பதிவு செய்த கேசட்டுகள். தபாலில் அனுப்ப மனசு வரவில்லையாம். நான் அவசரமாக ஒன்றை எடுத்து பிளேயரில் போடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பென்சில் ஒன்றை எடுத்து, கேசட்டின் பல்லில் செருகி, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் கையால் தளர்த்தாவிட்டால் அறுந்துவிடும் என்றார். நான் போட்டிருந்தால் அன்றைக்கே பாதி போயிருக்கும்.

மாலை வரை நாற்காலியை விட்டு எழவில்லை. ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு கேசட்டில் ஃபிடில், பேஞ்சோ என்ற நரம்பு வாத்தியங்களுக்குப் பின்னால் வாணலியில் ஏதோ பொரிகிற சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், சாப்பிட வரச்சொல்லி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பென்சில் நின்றுவிட்டது. "இன்னொரு தடவை போடு" என்றார். ஐந்து தடவை போட்டேன்.

அந்த வானொலியே அப்படித்தான், வீட்டுச் சத்தத்தோடு கலந்தது. பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த ரால்ஃப் எப்பர்சன் 1948 பிப்ரவரி 2-ல் அதைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளிகளும் புகையிலை விவசாயிகளும் வாத்தியத்தோடு வந்து நேரலையில் வாசித்தார்கள். நாட்டுப்புற இசைத்தொழிலின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து வரும் இசைத்தட்டுகளை மட்டும் சுழலவிட்டுச் சுலபமாகக் காலம் தள்ளியிருக்கலாம். எப்பர்சன் உள்ளூர்ப் பாட்டைக் கைவிடவில்லை. 2006-ல் அவர் போன பிறகும் அந்த இசை நிற்கவில்லை. இந்த வானொலியின் அலைவரிசையான 740 ஏஎம்மில், இருட்டியபின் டொராண்டோவின் பெரிய நிலையம் நெடுந்தூரம் கேட்கும். அதனால் இது பகலில்தான் ஓங்கி ஒலிக்கும், பொழுது சாய்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அந்தப் பகல் வெளிச்சத்துக்குள் இத்தனை வருடம் ஓர் ஊரின் இசையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

பழைய பிளேயரைத் தேடிக் கொண்டுவந்த தம்பி, இரவு கண்விழித்து ஒலியைப் பிரித்துக் கொடுத்த தங்கைகள், என் குறிப்புகளின் நகலைத் தங்கள் மின்னஞ்சலில் தோண்டி எடுத்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, சும்மா போன் செய்து "சாப்பிட்டியா" என்று கேட்டவர்கள், எல்லோருக்கும் என் நன்றி. யார் பெயராவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் பெயர்கள் போடவில்லை.

ஒன்று மட்டும் உறுதி. இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்யும்போது அந்த வாணலிச் சத்தத்தையும் அந்த அம்மாவின் குரலையும் வெட்டமாட்டேன். இந்த வரலாறு நூலாகும்போது முதல் பிரதி பெரியவருக்குத்தான்.

அவருக்குத் தமிழ் தெரியாது. வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு மவுன்ட் ஏரியில் ஏர்ல் தியேட்டரில், 'மெர்ரி கோ ரவுண்ட்' நேரலையில் அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் இதை அவருக்கு வரி வரியாகச் சொல்வேன். பென்சிலைப் பெட்டிக்குள் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதையும் எடுத்துப் போகிறேன்.