அம்பை ஏன் இனி அன்றைக்கே வெட்டித் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு மாற்றம். புதிதாக வாங்கும் அம்புத் தண்டுகளை அன்றைக்கே வெட்டி, முனை ஒட்டிக் கையில் கொடுப்பதை நிறுத்துகிறோம். இனி இரண்டு முறை வர வேண்டியிருக்கும். இடையில் குறைந்தது இரண்டு வாரம். டஜனுக்கு 36 வெள்ளி கூலியும் உண்டு. இதுவரை இலவசமாக அரை மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இவ்வளவு ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கவுன்ட்டரில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருவர் அப்பாவோடு வந்தார். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக வில்வித்தை எடுத்திருந்தார், முதல் சொந்த அம்புகள். அப்போது அவர் இழுத்தது 28 பவுண்டு இழுவிசை உள்ள வில். அன்றைய இழுப்புக்கு அளவெடுத்து, தண்டை ஒட்ட வெட்டிக் கொடுத்தோம். பார்க்க அழகாக இருந்தது. நான்கு மாதத்தில் பிள்ளை வளர்ந்தார், தோள் வலுத்தது, பயிற்றுநர் 34 பவுண்டுக்கு ஏற்றினார். அம்பு எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது எங்களிடம் கொண்டு வந்தார். தண்டைச் சற்றுக் குறுக்கினால் சரியாகும் என்று தெரிந்தும் குறுக்க வழியில்லை. ஏற்கெனவே மிச்சம் வைக்காமல் வெட்டிவிட்டோம். புதிய டஜனை எங்கள் செலவில் கொடுத்தோம். ஆனால் அந்தப் பிள்ளை தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து வாரக்கணக்கில் தவித்ததை எந்தப் பணமும் ஈடு செய்யாது. அதன் பிறகுதான் எங்கள் வேலைமுறையையே மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

அம்பு ஏன் வலப்பக்கம் போனது? விரலிலிருந்து நாண் விடுபடும்போது நேராகப் போவதில்லை, பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னாலிருந்து அந்த உதை, முன்னால் கனமான முனை. நடுவில் தண்டு வளைகிறது. வளைந்து, எதிர்ப்பக்கம் வளைந்து, மீன் நீந்துவது போலத்தான் வில்லைக் கடக்கிறது. அளவான வளைவாக இருந்தால் பின்பகுதி வில்லில் உரசாமல் சுற்றிக்கொண்டு போகும். தண்டு விறைப்பாக இருந்தால் வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போகும், துவண்டால் வலப்பக்கம். வில்லின் இழுவிசை கூடினால், தண்டு நீளமானால், முனை கனமானால், இந்த மூன்றில் எது நடந்தாலும் அதே தண்டு முன்னைவிடத் துவளும்.

நீங்கள் ஸ்பைன் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்த எண் இந்த விறைப்பைத்தான் சொல்கிறது. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் சிறியதாக இருந்தால் விறைப்பு அதிகம். ஆனால் இது மேசையில் அசையாமல் கிடக்கும் தண்டின் கணக்கு. உங்கள் வில்லிலிருந்து, உங்கள் விரலிலிருந்து புறப்படும்போது அது எவ்வளவு வளைகிறது என்பதை எந்த அட்டவணையும் முழுதாகச் சொல்லாது. அட்டவணை தெருவைக் காட்டும். வீட்டை எய்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் கவுன்ட்டரில் இருக்கும் சின்னத் தராசைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. பெர்த்தில் பல ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெரியவர் பேரனுக்கு வில் வாங்க வந்தார். அங்கே அவர் உரிமம் வைத்து வேட்டைக்குப் போனவர். துப்பாக்கி 9.3 x 62 என்ற ரகம்: குண்டின் குறுக்களவு 9.3 மில்லிமீட்டர், தோட்டா உறையின் நீளம் 62. பெர்லினில் ஓட்டோ போக் என்பவர் 1905இல் வடிவமைத்த தோட்டா அது. அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாக்களை அவரே வீட்டில் உட்கார்ந்து கையால் நிறைத்தவர். இங்கே உரிமமில்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருப்பதே கடுங்குற்றம், அந்த வேலைக்கு இடமே இல்லை. ஆனால் வெடிமருந்தை எடை பார்க்க அவர் வைத்திருந்த தராசு சும்மா கிடந்தது. கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம், நம் தட்டார்கள் குன்றிமணி, மஞ்சாடி என்று நிறுத்தது போல வெள்ளைக்காரர்கள் தானியத்தை வைத்து நிறுத்த அளவு. தோட்டாவின் குண்டுக்கும் அம்பின் முனைக்கும் இன்றும் அதே அளவுதான். அவருடைய குண்டு 286 கிரெயின். நம் அம்பு, தண்டு முனை இறகு எல்லாம் சேர்த்து, பெரும்பாலும் முந்நூறைத் தாண்டி நிற்கும். இன்னொரு ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: உலக வில்வித்தைச் சம்மேளனம் அம்புத் தண்டுக்கு வைத்திருக்கும் உச்ச விட்டமும் 9.3 மில்லிமீட்டர்தான்.

தராசைக் கொடுத்தபோது அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மருந்தை மாற்றும் அன்று குண்டை மாற்றாதே, குண்டை மாற்றும் அன்று அது உறைக்குள் அமரும் ஆழத்தைத் தொடாதே. எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். இரண்டாவது, மூன்று குண்டு நெருங்கி விழுந்தால் மகிழ்ந்துவிடாதே. இந்த இரண்டாவதை நான் முதலில் நம்பவில்லை. பிறகு கணக்கைப் பார்த்தேன். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள். மூன்று குண்டு சுட்டால் அவை விழும் இடங்களின் விரிவைவிடப் பத்து சுட்டால் வரும் விரிவு சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல். எதுவும் கெட்டுப்போகவில்லை, மூன்று என்பது உண்மையைக் காட்டப் போதாத எண்ணிக்கை, அவ்வளவுதான். நம் மைதானத்தில் ஒரு சுற்று மூன்று அம்பு எய்துவிட்டு பிளஞ்சரை, அதாவது அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் வில்லின் ஸ்பிரிங் பொத்தானைத் திருகும் பிள்ளைகளை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! நானும் அப்படித் திருகியவன்தான்.

எடை விஷயத்தில் சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு: "அஞ்சு கிரெயின் வித்தியாசம் என்ன பண்ணிடப் போகுது அண்ணே?" அஞ்சு கிரெயின் என்பது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. பள்ளி மண்டபத்தில் 18 மீட்டரில் எய்தால் அம்பு அரை சென்டிமீட்டர் தாழும், கண்ணுக்கே தெரியாது. 70 மீட்டருக்குப் போங்கள். அங்கே அம்பு ஒரு விநாடிக்கு மேல் காற்றில் இருக்கிறது, ஆறேழு மீட்டர் கீழிறங்குகிறது. எடை கூடியதால் வேகம் துளி குறைந்தாலும் ஏழெட்டு சென்டிமீட்டர் தாழ்ந்து விழும். 122 சென்டிமீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 12.2 சென்டிமீட்டர். நடுவில் குறி வைத்த அம்பு, எய்தவர் எந்தத் தவறும் செய்யாமலே, ஒன்பதுக்கு இறங்கிவிடும். தொடக்கநிலையில் இருக்கும் பிள்ளைக்கு இது தேவையில்லை, அதற்காகப் பெற்றோர் காசு செலவழிக்கவும் வேண்டாம். வெளி மைதானத்துக்கு மாறுபவர்களுக்கு இது கட்டாயம் தேவை.

வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்பார்கள். ஓரிக்கு ஒரு அம்பு போதும். 70 மீட்டர் தகுதிச் சுற்றில் நீங்கள் எய்ய வேண்டியது 72 அம்பு, ஆறு ஆறாக. அத்தனையும் ஒரே அம்பு போல நடக்க வேண்டும். விலை உயர்ந்த தண்டு வாங்கித்தான் இதைச் சாதிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நடுத்தர விலைத் தண்டுகள், ஒத்துப்போகாத உயர்ந்த தண்டுகளை எப்போதும் வெல்லும். இதைச் சொன்னால் வியாபாரம் குறையும் என்று என் தம்பி கோபிக்கிறார், ஆனாலும் சொல்கிறேன்.

புதிய முறை இப்படி. முதல் முறை வரும்போது உங்கள் வில்லையும், நீங்கள் உண்மையில் எய்யும் நாணையும் கொண்டு வாருங்கள். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி கால் அங்குலம் மாறினாலும் அம்பின் நடத்தை மாறும், ஆகவே வேறு நாணில் அளந்து பயனில்லை. இழுவிசையை உங்கள் இழுப்பு நீளத்திலேயே, வில்லைத் தொங்கு தராசில் மாட்டி அளப்போம். வில்லில் எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கான கணக்கு, ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்டு கூடும், குறையும். பிறகு நீளமாக விட்ட ஆறு சோதனை அம்புகளை இரவலாகத் தருவோம். நான்கில் இறகு இருக்கும், இரண்டு மொட்டை.

அந்த மொட்டை அம்புகள்தான் உண்மை பேசும். இறகு அம்பின் குற்றத்தை மறைத்து நேராக்கிவிடும், மொட்டை அம்புக்கு மறைக்க ஒன்றுமில்லை. 18 மீட்டரில் எல்லாவற்றையும் ஒரே குறியில் எய்யுங்கள். இறகு அம்புகளின் கூட்டத்துக்கு இடப்பக்கம் மொட்டை விழுந்தால் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் துவள்வு. இடக்கைக்காரருக்கு இதை மாற்றிப் படிக்க வேண்டும். மேலே விழுந்தால் நாணில் நாக், அதாவது அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவுத் துண்டு, பொருந்தும் இடம் தாழ்ந்திருக்கிறது, ஏற்ற வேண்டும். கீழே விழுந்தால் இறக்க வேண்டும். ஒரு நாளில் முடிவு கட்டாதீர்கள். நல்ல நாள், களைத்த நாள், மழைக்கு முந்தைய புழுக்கமான நாள் என்று மூன்று நான்கு பயிற்சியிலாவது எய்து, ஒவ்வோர் அம்பும் விழுந்த இடத்தைக் காகிதத்தில் புள்ளி வைத்துக் கொண்டு வாருங்கள். மின்னல் எச்சரிக்கை வந்து பாதியில் நிறுத்திய நாளையும் எழுதி வையுங்கள். அவசரத்தில் எய்த அம்பைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். இரண்டு வாரம் கேட்பது இதற்காகத்தான்.

இரண்டாம் வருகையில் காகிதத்தைப் பார்த்து வெட்டுவோம். ஒரேயடியாக அல்ல, கால் கால் அங்குலமாக, இடையில் எங்கள் பட்டறையின் பின்புறம் எய்து பார்த்து. வளரும் பிள்ளைகளுக்கு எப்போதும் கூடுதல் நீளம் விடுவோம், அழகு குறைந்தாலும் பரவாயில்லை. குறுகிய அம்பு முழு இழுப்பில் வில்லின் அம்புத் தாங்கியிலிருந்து பின்னால் நழுவி, வில் பிடித்த கையிலேயே பாயும் ஆபத்து உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எந்தப் பெற்றோர் கேட்டாலும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

முனைகளை நிறுத்துச் சேர்த்து, ஒவ்வோர் அம்பிலும் எண் எழுதித் தருவோம். அந்த எண்ணை அழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஏழாம் எண் மட்டும் எப்போதும் தனியே விழுகிறது என்று கண்டால் தூக்கிப் போட வேண்டாம். கார்பன் குழாய்க்கு ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கலாம். வாலில் உள்ள நாக் துண்டைக் கொஞ்சம் திருப்பி எய்தால் பெரும்பாலும் கூட்டத்துக்குத் திரும்பிவிடும்.

இங்குள்ள வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மூடிய காரில் அம்புகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள். முனை ஒட்டிய பசை சூட்டில் இளகும், பிறகு இலக்கிலிருந்து பிடுங்கும்போது முனை உள்ளேயே தங்கிவிடும். திரும்ப ஒட்ட நினைப்பவர்கள் முனையைச் சூடாக்குங்கள், தண்டை அல்ல. கார்பன் தண்டில் நெருப்பு பட்டால் உள்ளடுக்கு பிரியும், வெளியே தெரியாது. ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் அம்பை லேசாக வளைத்துக் காதருகே பிடித்துக் கேளுங்கள். சிறு சடசடப்பு கேட்டாலும் உடைத்துக் குப்பையில் போடுங்கள், அது எத்தனை வெள்ளி அம்பாக இருந்தாலும். கார்பன் சிலும்பு கையில் ஏறினால் எடுக்கும் பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சென்ற பன்னிரண்டு மாதத்தில் எங்களிடம் வெட்டிய அம்பு ஒதுங்குகிறது என்று நினைப்பவர்கள் வில்லோடு வாருங்கள். சோதனைக்குக் கூலி இல்லை. எங்கள் அளவில் பிழை என்று தெரிந்தால் தண்டை மாற்றித் தருவோம். சனிக்கிழமை பிற்பகல் கூட்டம் அதிகம், வார நாள் மாலை ஆறு மணிக்குப் பிறகு வந்தால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய நாளும் தீபாவளியன்றும் பட்டறை மூடியிருக்கும். ஆண்டிறுதிப் போட்டிகளுக்கு அம்பு வேண்டுவோர் அதற்கு முன்பே முதல் அளவுக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அம்புப் பட்டறையிலிருந்து