வீட்டு ஹாலில் நடனம் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். சாயங்காலமானால் சோபாவை ஓரம் தள்ளிவிட்டுச் சென்னையில் என் வீட்டு ஹாலில் பரதநாட்டியம் சொல்லித் தருகிறேன்.

2023 மார்ச்சில் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரியில் பாலியல் தொல்லைப் புகார்களோடு மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் போய் விசாரித்தார். ஏப்ரலில் ஓர் ஆசிரியர் கைதானார். 'பெரிய இடத்து விவகாரம்' என்று நம்மில் பலர் அதைப் பேசிவிட்டு மறந்துவிட்டோம். எனக்கு மறக்க முடியவில்லை. அங்கே சேர்ந்து உட்காரப் பக்கத்தில் தோழிகளாவது இருந்தார்கள். வீட்டு வகுப்பில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

எனக்குப் பதினைந்து வயது இருக்கும். அரங்கேற்றத்துக்காக வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியைப் பழகிக்கொண்டிருந்தேன். "நாயகன் வராத தவிப்பு உன் முகத்திலேயே இல்லை. யாரையாவது காதலிச்சிருக்கியா?" என்று கேட்டார் மாஸ்டர். மற்றவர்கள் போன பிறகும் என்னை இருக்கச் சொன்னார். முழங்காலை விரித்துப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியைத் திருத்த இடுப்பில் வைத்த கை, திருத்தி முடிந்த பிறகும் அங்கேயே இருந்தது. எதிர்ச் சுவரில் இருந்த நடராஜர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, அப்பா சீட்டுப் பணம் எடுத்துப் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கட்டியிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நின்றுபோகும். வேறு ஆசிரியரிடம் போகலாம் என்றால் அதற்குக் குருத்துரோகம் என்று பெயர்.

நம் பிள்ளைகளின் வாயைக் கட்டுவது இந்தப் பயம்தான். அரங்கேற்றம் எப்போது, எவ்வளவு செலவு, யார் ஆடலாம் என்பதெல்லாம் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது. அதனால் உங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: செலவுக் கணக்கை ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளை வேறு வகுப்புக்குப் போக விரும்பினால், காரணம் கேட்காமல் வாழ்த்தி அனுப்புங்கள். அடுத்த ஆசிரியரும் 'அங்கே கேட்டுவிட்டு வா' என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

தொடாமல் நடனம் சொல்லித் தர முடியுமா என்று கேட்பீர்கள். கூன் விழுந்த முதுகையும் தொங்கிப்போன முழங்கையையும் சில சமயம் தொட்டுத்தான் நிமிர்த்த வேண்டியிருக்கிறது. நான் இப்போது, "முதுகைத் தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். ஆரம்பத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் ஒருநாள், ஒன்பது வயதுக் குட்டி ஒருத்தி, "வேண்டாம் மிஸ், நானே பண்றேன்" என்றாள். கண்ணாடியைப் பார்த்து முழங்காலை விரித்தாள், முதுகை நிமிர்த்தினாள். நான் பிடித்து நிறுத்தியபோதெல்லாம் வராத அரைமண்டி அன்றைக்கு வந்தது.

முகபாவத்தால் உணர்ச்சியைக் காட்டும் அபிநயத்துக்கும் பிள்ளையின் அந்தரங்கத்தைத் தோண்ட வேண்டியதில்லை. காத்திருப்பதன் தவிப்பு தெரிய, மழையில் பஸ்ஸுக்கு நின்றதை நினைக்கச் சொன்னாலே போதும். பதினான்கு வயதில் காதலைச் சொல்லும் சிருங்காரப் பதம்தான் ஆட வேண்டும் என்றும் இல்லை. யசோதையும் கண்ணனும் இருக்கிறார்கள்.

தனி வகுப்பென்றால் கதவு திறந்திருக்கட்டும், பெற்றோர் உள்ளே வந்து உட்காரட்டும். வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் போடுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி குற்றம். நமக்கும் அது பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் பெண்கள் புகார் கொடுக்க, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி மாவட்ட அளவில் குழு இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை என் ஹாலில் சலங்கை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வருவார்கள். முதல் பாடமான தட்டடவு தொடங்கும் முன், உங்கள் வகுப்பில் எதற்கெல்லாம் அனுமதி இல்லை என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பெற்றோரிடம் கொடுங்கள். பிள்ளை காதில் விழும்படி அதை ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு நடன ஆசிரியை