கடல் பார்த்த மனை

தேவனாம்பட்டினம், கடலூர்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த விளம்பரத்தையும் பார்த்தேன். ‘கடல் பார்த்த மனை, சில்வர் பீச்சுக்கு நடந்தே போகலாம்.’ கோயம்புத்தூரில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றவனுக்கு இதைப் படித்ததும் கை துறுதுறுக்கும்தான். வாங்கலாமா வேண்டாமா, ஒரு வரியில் சொல் என்கிறாய். ஒரு வரியில் முடியாது. இங்கே குடி வந்து ஏழு வருஷம் ஆகிறது. அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

பெரியார் கலைக் கல்லூரியில் மதிய வகுப்பை ஏமாற்றிவிட்டு நாம் வந்து படுத்துக் கிடந்த மணல் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணுக்கே தெரியாது. பஜ்ஜிக் கடை, ராட்டினம், பலூன் சுடுகிறவன், எல்லாம் உண்டு. மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் வருகிறவர்கள் காலை நனைத்துக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அவர்களுக்கு இது சில்வர் பீச். தேவனாம்பட்டினம் என்று ஓர் ஊர் பக்கத்திலேயே இருப்பது பாதிப் பேருக்கு நினைவில் வராது. நாமும் மூன்று வருஷம் அப்படித்தானே இருந்தோம்? ஊருக்குள் ஒரு தெருவிலாவது கால் வைத்தோமா?

ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையில் வர வேண்டும். பைபர் படகுகள் கரைக்கு ஏறும்போதே பெண்கள் அன்னக்கூடையோடு நிற்பார்கள். நெத்திலியைக் கொட்டினால் கொஞ்ச நேரம் மணலே நெளிகிற மாதிரி இருக்கும். ஏலம் விடுகிறவர் விலையைச் சொல்கிற வேகத்தில் எனக்கு இன்னும் பாதி புரிவதில்லை. வாங்குகிறவர்கள் புருவத்தை அசைப்பதோடு சரி. ‘பாடு எப்படி?’ என்றுதான் இங்கே கேட்பார்கள். மீன் கிடைத்ததா என்று கேட்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். என் வாடிக்கைக்கார ஆயா எனக்கென்று சுதும்பு மீன் நாலு எடுத்து வைத்திருக்கும். பேரம் பேசினால், ‘வாத்தியாரே, கடலுக்குப் போயி நீயே புடிச்சிக்க’ என்று கூடையை மூடிவிடும்.

அந்த ஆயாவிடம்தான் உன் விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, ‘நாள் முச்சூடும் கடலத்தான பாக்குறோம், ஊட்டுக்குள்ளயுமா பாக்கணும்?’ என்றது. அப்புறம்தான் கவனித்தேன். அதன் வீட்டில் கடல் பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

இந்தப் புத்தி எனக்கு முதலிலேயே வந்திருந்தால் பணம் மிச்சம். வந்த புதிதில் நான் எடுத்தது கடலைப் பார்த்த மாடி வீடு. முதல் மாதம் சொர்க்கம். மூன்றாம் மாதம் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் காவிப் பொடி. கதவுத் தாழ்ப்பாள் அசைய மறுத்தது. சைக்கிள் செயின் இறுகிப் போனது. பிரிட்ஜின் பின்பக்கம் துருவில் ஓட்டை விழுந்து கேஸ் இறங்கிவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ‘கடலோரமா சார்?’ என்று கேட்டபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. இரண்டாம் வருஷம் மூன்றாவது தெருவுக்கு மாறிவிட்டேன். இடையில் இரண்டு வரிசை வீடு இருப்பதால் உப்புக் காற்று கொஞ்சம் தணிந்துதான் வருகிறது. சத்தம் மட்டும் குறையவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

ரேடியோவில் நம் ஊர்ப் பெயர் வர வேண்டுமென்றால் புயல் வர வேண்டும் என்று நீ கேலி செய்வாயே. கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்பது இன்றும் அதே குரலில்தான் வருகிறது. 2004 டிசம்பர் 26 பற்றி இங்கே யாரும் தானாகப் பேச மாட்டார்கள். நானும் கேட்பதில்லை. 2011 டிசம்பர் 30-இல் அடித்த ‘தானே’ புயல் பற்றியோ, கேட்காமலே சொல்வார்கள். அன்று நான் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தேன். விடியும்போது வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை எதிர்த் தெருவில் கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோது என் கூரை ஒரு நஷ்டமாகவே தோன்றவில்லை.

ஆனால் மாப்ளே, மனை வாங்குகிறவன் முன்னால் இருக்கிற கடலை மட்டும் பார்த்தால் போதாது. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நாம் நடுவில். 2024-இல் பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிப் போன பிறகுதான் எங்களுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. எங்கேயோ திருவண்ணாமலைப் பக்கம் சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணை கரை வழிந்து கடலூரின் வடபுறத்துக் குடியிருப்புகளுக்குள் வந்துவிட்டது. எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது.

நிலம் வாங்குவது என்றதும் இந்த ஊரின் பழைய கிரயம் ஒன்று நினைவுக்கு வருகிறது. கெடிலம் முகத்துவாரத்தின் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடு இருக்கிறதே, அதை 1690-இல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அளவுகோல் பீரங்கி. குண்டு போய் விழுகிற தூரம் வரை அவர்களுடையது! அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்கிற பெயர் இன்னும் இருக்கிறது. நன்றாகச் சுடுகிற பீரங்கியாகப் பார்த்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் ஊகம். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துத் தள்ளினான். உன் விளம்பரக்காரர் எந்த அளவுகோல் வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பார். கூடவே கடலோர ஒழுங்குமுறை விதிப்படி அங்கே வீடு கட்ட அனுமதி உண்டா என்றும் கேள். 1991-இலிருந்து இருக்கிற விதி அது. அந்த ஒரு கேள்வியிலேயே பல மனைகள் மறைந்துவிடும்.

ஊருக்குள் சண்டை இல்லையா என்றால், உண்டு. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கிற சுருக்குமடி வலைதான் பெரிய பேச்சு. 2023-இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை போகலாம் என்றது. மீன் கிழமை பார்த்தா வரும் என்று ஒரு கட்சி. அந்த வலையை அனுமதித்தால் குஞ்சுகூட மிஞ்சாது என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் இதைப் பேசும்போது நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

ஆக என் யோசனை இதுதான். மனை வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு கீழ்வீடு காலியாகிறது. ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார். தங்கச்சிக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மாசி மகத்துக்கே இருவரும் கிளம்பி வாருங்கள். அன்று திருவந்திபுரம் பெருமாளோடு சுற்றுவட்டாரச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு இங்கே வந்துவிடும். கூட்டத்தில் உன்னைத் தொலைக்காமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. அதை விட்டால் ஏப்ரல் 15-க்குள் வா. அப்புறம் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிக் கிடக்கும், ஆயாவின் கோபமும்தான்.

வரும்போது டவுன்ஹால் பக்கம் நல்ல பித்தளைத் தாழ்ப்பாள் கிடைத்தால் ஆறு அங்குலத்தில் இரண்டு வாங்கி வா. இரும்பு வேண்டாம்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்