லலித்பூர் பார்த்த கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவேயில்லையே!

நாங்கள் நேபாளம் போய்விட்டு வந்தோம். பசுபதிநாதர் உன் தங்கச்சிக்கு, லலித்பூர் எனக்கு என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொண்ட பயணம். காத்மாண்டுவில் பாக்மதி ஆற்றைத் தாண்டினால் லலித்பூர். அந்தப் பக்கத்து நேவார் இனத்தில் சாக்கியர் குலத்தார் தலைமுறை தலைமுறையாகத் தாரா, அவலோகிதேஸ்வரர், மஞ்சுஸ்ரீ என்று பௌத்த தெய்வங்களின் சிலைகளை வார்க்கும் ஊர். ஓகு பஹால் பக்கம் இன்றும் பட்டறைகள் இருக்கின்றன.

மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். சுவாமிமலையிலும் இதுதானே என்பாய். மெழுகில் குங்கிலியம் கலப்பது வரைக்கும் ஒன்றுதான். அப்புறம் வழி பிரிகிறது. சுவாமிமலையில் பஞ்சலோகம், பெரும்பாலும் கெட்டி வார்ப்பு. லலித்பூரில் சிலை உள்ளே பொள்ளல். நல்ல சிலை என்றால் கிட்டத்தட்ட சுத்தமான செம்பு.

செம்பு லேசில் பணியாது. உருக 1085 டிகிரி வேண்டும். உருகினாலும் வெண்கலம் மாதிரி அச்சின் இண்டு இடுக்கெல்லாம் ஓடாது, குமிழி வேறு விழும். அப்படியும் அதை ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள்? தங்கத்துக்காக! பாதரசத்தில் தங்கத்தைக் குழைத்துச் சிலைமேல் தடவித் தீயில் காட்டினால், பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஈயம் கலந்த உலோகத்தில் இந்த முலாம் சரியாகப் பிடிக்காது, கறை தட்டும். கடைசி நாள் பூச்சுக்காக முதல் நாளே கஷ்டமான உலோகத்தை எடுக்கிறார்கள் பார், அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஆவி கொடிய விஷம், நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். விலை பேசுகிற நம்மில் யார் அதைக் கேட்கிறோம்?

பழைய அரண்மனையில் 1997இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. பழஞ்சிலைகள் சிலவற்றில் மூக்கிலும் முழங்காலிலும் பொன் தேய்ந்து செம்பு சிவக்கிறது. கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்கள். கடைகளில் மின்னும் புதுச் சிலைகளைவிட எனக்கு இவைதான் அழகு. உன் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கம்னா மின்ன வேண்டாமா?" என்கிறாள்.

அரணிகோ தெரியுமா? 1260இல் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்காகத் திபெத்தில் பொன் ஸ்தூபி எழுப்பப் போன 80 நேவார் கலைஞர்களுக்குத் தலைவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை! அப்படியே சீனாவுக்குப் போய் அரசவைக் கலைஞர் ஆகிவிட்டார். 1279இல் அவர் கட்டி முடித்த வெள்ளை ஸ்தூபி பெய்ஜிங்கில் இன்னும் நிற்கிறது. இருபது வயதில் நாம் டீக்கடை பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று உனக்கே தெரியும்.

சின்னதாக ஒரு தாரா வாங்க ஆசைதான். விலையைக் கேட்டுவிட்டுப் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன், தனியாக அனுப்புகிறேன். பொங்கலுக்குச் சென்னை வருவாய் அல்லவா? எழும்பூர் மியூசியத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைச் சேர்ந்து போய்ப் பார்ப்போம். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
ராமு